பாலத்தில் நிற்கிற நண்பன்

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளைத் தோழன் மாப்பிள்ளையின் நண்பன் அல்ல. பெண்ணின் தம்பி. தம்பி இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட தம்பி. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் காலைக் கழுவிவிட்டு, மோதிரம் ஒன்றை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவது அவனுடைய வேலை. மாப்பிள்ளையைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மாலையில் வரவேற்பு. அது இந்த நாட்டு வழக்கம். அங்கே மாப்பிள்ளையின் உற்ற நண்பன் எழுந்து, மாப்பிள்ளையைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். மொன்ரியலில் எங்கள் ஆட்கள் இரண்டு வழக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். காலையில் கால் கழுவியவனே மாலையில் பேசுகிறான்.

அதனால்தான் பிரசாந் எனக்கு ஃபோன் எடுத்தான்.

தான் கல்யாணப் பெண் லக்சனாவின் தம்பி என்றான். அக்காதான் நம்பர் தந்தாள் என்றான். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. என்னையும் அக்கா என்றே கூப்பிட்டான்.

"அக்கா, நான் அத்தானைப் பதினொரு தரம் கண்டிருக்கிறன். அதில ஆறு தரம் சாப்பாட்டு மேசையில. கோழிக்கால் எடுக்கமாட்டார் எண்டு மட்டும் தெரியும். அதை வச்சு நான் அஞ்சு நிமிசம் கதைக்கேலாது. நீங்கள் எழுதித் தாங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஃபோனை வைத்தபோதே எழுதுவதென்று முடிவு செய்திருந்தேன்.

மாப்பிள்ளை வினோஜனும் நானும் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தோம். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், நீச்சல்குளத் தண்ணீர் எல்லாம் சின்னப் போத்தல்களில் வரும். அவன் இரசாயனப் பகுதி. நான் நுண்ணுயிர்ப் பகுதி. இரண்டு பேரின் வீடும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். அவனிடம் கார் இருந்தது. நான் சேர்ந்த மூன்றாம் நாள், வழியில்தானே, ஏறிக்கொள்ளும் என்றான். நாலு வருடம் ஏறிக்கொண்டேன்.

ஏறியது பின் இருக்கையில். அது அம்மாவின் நிபந்தனை. கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் றோட்டால்தான் போவார்கள். முன் இருக்கையில் என்னை ஒருவர் கண்டால் போதும் என்று அம்மா நினைத்தாள். ஆகவே வாடகைக் காரில் போகிறவள் போலப் பின்னால் இருந்தேன். நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் ஒரு பெற்றோல் நிலையம் இருக்கிறது. வினோஜன் கோப்பி வாங்க அங்கே நிறுத்துவான். அவன் திரும்பி வரும்போது நான் முன்னால் இருப்பேன். மாலையில் அதே இடத்தில் இறங்கிப் பின்னால் போய்விடுவேன். இதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. நாலு வருடமும் அப்படியே நடந்தது.

என்னிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஏன் நீ கதைக்கிறதில்லை? பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். மாமிமார் கேட்டார்கள். வேலைக்கு நேர்முகம் வைத்தவர்கள் மரியாதையான பிரெஞ்சில் கேட்டார்கள். அந்தக் கேள்வி வந்தவுடன் என்னிடம் இருக்கிற கொஞ்சப் பேச்சும் போய்விடும்.

வினோஜன் அதைக் கேட்டதில்லை. முதல் ஆறு மாதம் அவன் கதைத்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவனும் சும்மா இருந்தான். ஒரு பயணம் எழுபது நிமிடம். வருடத்தில் இருநூற்று முப்பது நாள், நாளுக்கு இரண்டு பயணம். நாலு வருடத்துக்கு இரண்டாயிரத்து நூறு மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. அதில் பாதிக்கு மேல் நாங்கள் பேசாமல் இருந்திருப்போம். என் வாழ்க்கையில் வேறு எவரோடும் நான் அப்படி இருந்ததில்லை.

இது காதலா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வேறொன்றும் இல்லை. ஒரே ஒரு போத்தலைச் சோதித்துவிட்டு முழுக் குளத்துக்கும் முடிவு சொல்லக்கூடாது.

கல்யாணத்தோடு அவன் நகரின் மற்றப் பக்கம், லவாலுக்குப் போகிறான். வீடு வாங்கியாயிற்று. அங்கேயே வேறு வேலையும் கிடைத்துவிட்டது. ஜனவரியிலிருந்து இது எனக்குத் தெரியும். அவன் போவதற்கு முன் ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் என்னை ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை, அதற்கு நன்றி. ஒவ்வொரு காலையும் ஆயத்தமாக ஏறுவேன். சம்ப்ளேன் பாலம் வரும். பாலம் முடியும். பிறகு வேலையிடம் வந்துவிடும்.

பிரசாந் ஃபோன் எடுத்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். நான் வாய் திறக்கத் தேவையில்லை. வசனம் மட்டும் வினோஜனைப் போய்ச் சேர்ந்தால் போதும்.

முதலில் எழுதியது பேச்சு மாதிரி இருக்கவில்லை. நோக்கம், முறை, அவதானிப்பு என்று பிரித்திருந்தேன். அதைக் கிழித்தேன். பிறகு நினைவில் வந்ததை எல்லாம் வரிசை இல்லாமல் எழுதினேன். டெக்கரி நெடுஞ்சாலையில் எந்தத் தடத்தில் ஏறினாலும் அது பிழையாகவே இருக்கும் என்பது. தன்னை வெட்டிக்கொண்டு போகிற காரை வினோஜன் திட்டுகிற விதம். பனிப்புயலில் பாலத்தில் மூன்று மணித்தியாலம் நின்றது. அவனுடைய அம்மா இரண்டு பேருக்குக் காணும்படி கட்டிக் கொடுக்கிற சாப்பாடு. அவன் வீட்டில் என்ன சொல்லி அதை வாங்கிவந்தான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. அந்தக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பைப் போல நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

எழுதி முடித்து வாசித்தபோது ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு கதையிலும் நான் இருந்தேன். என்னை எடுத்தால் அவன் காருக்குள் தனியே இருந்து தனக்குத்தானே கதைக்கிறவன் ஆகிவிடுகிறான். என்னை வைத்தால், நானூறு பேருக்கு முன்னால், மாப்பிள்ளையின் காரில் நாலு வருடம் ஒரு பெண்.

ஆகவே என்னை ஒரு நண்பனாக மாற்றினேன். வேலையிடத்து நண்பன் ஒருவன். பெயர் வைக்கவில்லை. மாற்றுவதற்குப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வினோஜன் எனக்குச் செய்தது எதையும் ஒரு பொடியனுக்கும் செய்திருக்கலாம்.

பிரசாந்துக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. முழுவதையும் ஆங்கில எழுத்தில் தமிழாகவே தட்டச்சு செய்தேன். சனிக்கிழமை பெர்ரி சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். இருபத்திரண்டு வயது, நீண்ட கழுத்து, எந்த நேரமும் பசி. ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தான். இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்தான். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இது ஆர், இந்தப் பொடியன்? அத்தானோட காரில வாறது நீங்கள்தானே?"

"ஓம்."

"அப்ப?"

"அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஓம் என்று தலையாட்டினான். லவாலில் வளர்ந்தவன்தான், பிரெஞ்சில் கனவு காண்கிறவன்தான், ஆனாலும் அவனுக்கும் மாமிமார் இருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் அந்த வசனம் இருந்தது. அதில் பேனையால் ஒரு கோடு போட்டான். இது பகிடி இல்லை, ஆட்கள் சிரிக்காமல் விட்டால் தான் அந்தரப்பட்டுப் போவேன் என்றான். பகிடியோடு முடித்துவிட்டு இறங்குவதுதான் நல்லது என்று மூன்று தரம் சொன்னான். நான் வழக்கமாக இரண்டாம் தரத்திலேயே விட்டுவிடுகிறவள்.

"அதை மட்டும் வெட்டவேண்டாம், பிரசாந்" என்றேன். "மற்ற எதையும் வெட்டும்."

அவன் கோட்டின் மேல் சின்னதாக ஒரு சரி போட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ஃபோனில் வாசித்துக் காட்டுவான். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பேன். அம்மா பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலைக்குப் போயிருப்பாள். வீட்டில் குளிர்ப்பெட்டியின் சத்தம் மட்டும் இருக்கும். என்னுடைய நாலு வருடத்தை வேறு ஒருவன் குரலில் கேட்பது நன்றாகத்தான் இருந்தது. நானே ஒரு கதையை முதல் தரம் கேட்கிற மாதிரி இருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை மழை. காலையில் பாலத்தில் ஒன்றும் சொல்லவில்லை. மாலையிலும் சொல்லவில்லை. இனிச் சொல்லத் தேவையும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வினோஜன் தன் மேசையில் இருந்ததை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பின் இருக்கையில் வைத்திருந்தான். பெற்றோல் நிலையம் வந்தது. நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

"இண்டைக்கும் மாறவேணுமோ?" என்றான்.

நாலு வருடத்தில் அவன் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தரம். என் கால் ஏற்கெனவே மழையில் நனைந்திருந்தது. ஓம் என்றேன். பின் இருக்கையில் பெட்டியை நகர்த்தி இடம் செய்துகொண்டேன். எங்கள் றோட்டு முனையில் இறங்கும்போது, ஞாயிற்றுக்கிழமை வாரும் என்ன என்றான். வாறன் என்றேன்.

ஞாயிறு காலை கோயிலில் தாலி கட்டியாயிற்று. நானும் அம்மாவும் பின்னால் நின்று பார்த்தோம். பிரசாந் வாசலில் குந்தியிருந்து, வெள்ளிக் குடத்தால் வினோஜனின் காலில் தண்ணீர் ஊற்றினான். தலைப்பாகை அவன் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது.

மாலை வரவேற்பு லவாலில். அம்மாவுக்கு வேலை. நான் சேலையோடு பஸ் எடுத்து, பிறகு மெத்ரோ சுரங்க ரயில் எடுத்தேன். மெத்ரோவின் ஆரஞ்சுக் கோடு லாடம் போல வளைந்தது. நான் ஒரு நுனியில் ஏறி மற்ற நுனியில் இறங்க வேண்டும். முப்பத்தொரு நிலையம். மனதுக்குள் பேச்சை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிப் பார்த்தேன். ஐந்து தரம் சொல்ல முடிந்தது.

என் மேசை முப்பத்திரண்டு. சமையலறைக் கதவுக்குப் பக்கம். மேசையில் 'வேலையிடம்' என்று அட்டை வைத்திருந்தார்கள். எட்டு நாற்காலி. வந்தது மூன்று பேர். நான், மாதிரிப் போத்தல்களைப் பொறுப்பெடுக்கிற ஜெனவியேவ், அவளுடைய கணவர். ஜெனவியேவுக்கு ஐம்பது வயதிருக்கும். வடையை முள்ளுக்கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டாள். பேச்சுகள் தொடங்கியதும் கதிரையை என் பக்கம் இழுத்து, மொழிபெயர்த்துச் சொல்லு என்றாள்.

நிகழ்ச்சியை நடத்தியவர் சண்முகலிங்கம் அங்கிள். மொன்ரியலில் பாதிக் கல்யாணங்களில் ஒலிவாங்கி அவர் கையில்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு வழி தவறும் என்று கேள்விப்பட்டதாகவும், இனிமேல் பக்கத்தில் இருந்து வழி சொல்ல ஆள் வந்துவிட்டதாகவும், சொன்ன வழியில் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தன் மனைவி வந்து விளக்குவாள் என்றும் சொல்லிவிட்டு பிரசாந்தை அழைத்தார்.

பிரசாந் தாளை விரித்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினான்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மாப்பிள்ளைத் தோழன். அத்தானை எனக்குப் பதினாலு தரம்தான் தெரியும். இண்டைக்குக் காலமை கால் கழுவினதோட பதினஞ்சு."

சனம் சிரித்தது. அதனால் தான் ஒரு வேலை செய்ததாகச் சொன்னான். அத்தானோடு நாலு வருடம் ஒரே காரில் வேலைக்குப் போன ஒரு நண்பனைப் பிடித்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்றான். நான் பிரெஞ்சில் சொன்னேன். ஜெனவியேவ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கட ஆக்கள் றோட்டில ஆரும் குறுக்க வந்தா என்ன சொல்லுவினம் எண்டு உங்களுக்குத் தெரியும். அத்தான் கண்ணாடியை இறக்கி, 'போங்கோ ஐயா, போங்கோ, உங்களுக்குத்தான் அவசரம்' எண்டு சொல்லுவார். அதுகும் தமிழில. ஒருக்கா அப்பிடிச் சொன்னது பொலிஸ் காருக்கு."

வினோஜன் மேடையில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தான். பிறகு கையை எடுத்துவிட்டு மண்டபத்தைப் பார்த்தான். மேசை மேசையாகப் பார்த்தான். முன்னுக்கிருந்து தொடங்கினான். பொலிஸ் கார்க் கதை அதுவரை இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பிரசாந் பாலத்துக்கு வந்தான். போன வருடத்துக்கு முந்தின வருடம், பெப்ரவரி, பனிப்புயல். முன்னால் ஒரு கனரக வாகனம் குறுக்கே நின்றுவிட்டது. பத்து நிமிடம் ஹீற்றரைப் போடுவது, பத்து நிமிடம் நிறுத்துவது. அத்தானுடைய அம்மா இரண்டு பேருக்குக் கட்டிக் கொடுத்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பையும் மூடியிலேயே பங்குபோட்டுச் சாப்பிட்டது. முன் மேசையில் வினோஜனின் அம்மா சிவநேசம் அன்ரி பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்து, நான் குடுத்துவிட்டது என்று சொல்வது வாயசைவில் தெரிந்தது.

பிறகு பிரசாந் நிறுத்தினான். சமையலறைக் கதவு திறந்து ஆட்கள் தட்டங்களோடு வரத் தொடங்கியிருந்தார்கள். சண்முகலிங்கம் அங்கிள் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். பிரசாந் கடைசித் தாளைப் பார்த்தான். மடித்து வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். என் கையில் இருந்த, கை துடைக்கிற தாள்துவாய் இரண்டாகக் கிழிந்திருந்தது.

அவன் தாளைப் பார்க்காமலே சொன்னான்.

"அந்த நண்பனுக்குக் கதைக்க வராது. வகுப்பில, வேலையில, சொந்தத்துக்க எல்லாரும், ஏன் நீ கதைக்கிறாயில்லை எண்டு அவனைக் கேப்பினமாம். அத்தான் நாலு வருசம் பக்கத்தில வச்சுக்கொண்டு போனவர். ஒருநாளும் கேக்கேல்லையாம். அக்கா, இப்பிடி ஒராள் உனக்குக் கிடைச்சிருக்கிறார். அந்த நண்பன் அத்தானுக்கு நன்றி சொல்லச் சொன்னவன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு கைதட்டினார்கள். ஜெனவியேவ் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. அவள் என் முழங்கையில் கை வைத்து, அது நீதானே என்று பிரெஞ்சில் கேட்டாள். அந்த மண்டபத்தில் அதை வாய்விட்டுச் சொன்னவள் அவள் மட்டும்தான். அவளுடைய கணவரைத் தவிர வேறு எவருக்கும் அது கேட்கவில்லை.

வசனம் போய்ச் சேர்ந்துவிட்டது. வினோஜனின் பார்வை முப்பத்திரண்டாம் மேசைக்கு வந்து நின்றிருந்தது. அவன் சிரிக்கவில்லை. எனக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சண்முகலிங்கம் அங்கிள் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தத் தம்பி இஞ்ச வந்திருக்கிறாரோ? வந்திருந்தா மேடைக்கு வாரும், தம்பி. கதைக்கத் தேவையில்லை. மாப்பிள்ளையோட ஒரு படம் எடுப்பம்."

நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோட் சூட் போட்டிருந்த பொடியன்களை எல்லாம் பார்த்தார்கள். ஏழாம் மேசையில் ஒருவனை நண்பர்கள் தள்ளிவிட்டார்கள். அவன், தான் இல்லை, தான் இல்லை என்று கை காட்டினான். அங்கிள் இரண்டாம் தரம் கேட்டார். மேடையில் மூன்று பேருக்குத் தெரியும். லக்சனா வினோஜனைப் பார்த்தாள். பிரசாந் என்னைப் பார்த்தான். போ என்று ஜெனவியேவ் சொன்னாள். அங்கிள் மூன்றாம் தரமும் கேட்டார்.

வினோஜன் கையை நீட்டி ஒலிவாங்கியை வாங்கினான்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். ஆனால் நான் ஆட்டியதைக் கண்ட பிறகு அவன் கதைத்தானா, கதைக்கத் தொடங்கிய பிறகு நான் ஆட்டினேனா என்று எனக்குத் தெரியாது. பல தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியவில்லை.

"அவன் வரேல்லை அங்கிள்" என்றான். "இன்னும் பாலத்தில நிக்கிறானாம்."

மண்டபம் முழுவதும் சிரித்தது. பாட்டுப் போட்டார்கள். சோறு வந்தது.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். லொங்குய் போகிற வழியில் மெத்ரோவில் இறக்கிவிடுவதாக ஜெனவியேவ் சொல்லியிருந்தாள். வாசலில் சிவநேசம் அன்ரி பலகாரப் பைகளோடு நின்றார். வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்று தந்துவிட்டு, நகர விடாமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீர் வினோஜன்ர வேலையிடந்தானே?"

"ஓம் அன்ரி."

"அப்ப அந்தப் பொடியனைத் தெரியும்தானே. நாலு வருசமா ஒராளை ஏத்திக்கொண்டு போறன், ரெண்டு பேருக்குக் கட்டித் தாங்கோ எண்டுவான். வீட்டை ஒருநாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாடா எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன். அவனுக்குக் கூச்சம் அம்மா எண்டு சொல்லிப்போடுவான். இண்டைக்கும் வரேல்லைப் பாரும்."

அன்ரி மேசைக்கு அடியில் குனிந்து வேறொரு பையை எடுத்தார். மற்றவற்றை விடப் பெரிது. பயற்றம் பணியாரமும் முறுக்கும் கேக் துண்டும் நிறைய வைத்துக் கட்டியிருந்தது. அதை என் மற்றக் கையில் மாட்டினார்.

"இதை அவனிட்டக் குடுத்துவிடும். நான் தந்தது எண்டு சொல்லும்."

பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் அது என்று சொல்ல ஒரு விநாடி போதும். அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம். நாலு வருடமாக அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

"உங்கட கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு நல்ல விருப்பம் எண்டு சொன்னவன், அன்ரி" என்றேன்.

அன்ரிக்குக் கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, பாவம் பொடியன் என்றார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போனேன். பஸ், பிறகு ஆரஞ்சுக் கோடு, பெர்ரியில் மாறி மஞ்சள் கோடு. ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம். மஞ்சள் கோடு ஆற்றுக்கு அடியால் போகிறது. பாலம் இல்லை, ஒன்றும் தெரியாது. என்னுடைய பையை நானும் வேலையால் வந்த அம்மாவும் விடியவே பிரித்துச் சாப்பிட்டுவிட்டோம். பெரிய பை ஏன் என்று அம்மா கேட்டாள். வேலையிடத்தில் ஒருவருக்கு என்றேன். ஆகவே அதை வேலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

சாப்பாட்டறைக் குளிர்ப்பெட்டியில் ஒரு சட்டம் உண்டு. எதை வைத்தாலும் பெயரும் திகதியும் ஒட்ட வேண்டும். பெயர் இல்லாததை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எறிந்துவிடுவார்கள். பரிசோதனைக் கூடத்திலும் அதே சட்டம்தான். பெயர் இல்லாத போத்தலை நாங்கள் சோதிப்பதில்லை. நான் பையை மேல் தட்டில் வைத்தேன். பேனையும் லேபலும் பக்கத்தில்தான் இருந்தன. பேனையை எடுத்தேன். யாருடைய பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

செவ்வாய் அது அங்கே இருந்தது. புதனும் இருந்தது. மதியம் என் சாப்பாட்டை எடுக்கும்போது பார்ப்பேன். வினோஜனிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. வர வேண்டிய காரணமும் இல்லை. கல்யாணம் முடித்து ஐந்து நாளும் ஆகவில்லை. இரசாயனப் பகுதியில் அவனுடைய மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்துவிட்டாள். முதல் நாளே என்னிடம் வந்து, நீ எப்போதும் இப்படித்தான் அமைதியாக இருப்பாயா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குளிர்ப்பெட்டி துப்புரவு செய்கிற முறை ஜெனவியேவுடையது. ஏழெட்டுப் பேர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கறுப்புக் குப்பைப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயர் இல்லாத தயிர்க் கிண்ணம், பாதிச் சூப், பழுத்த பேரிக்காய் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். பலகாரப் பையைக் கையில் எடுத்தாள். அதில் வினோஜன், லக்சனா என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரையும் பொதுவாகப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டாள்.

புதிதாக வந்தவள் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெனவியேவ் பையைக் குப்பைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னுடையது" என்றேன்.

பிரெஞ்சில்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனவியேவ் பையை என்னிடம் நீட்டினாள்.

மாலையில் மஞ்சள் கோட்டில் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து அவிழ்த்தேன். ஐந்து நாள் குளிரில் இருந்ததால் பணியாரம் கல்லாக இறுகியிருந்தது. வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தால்தான் கரைந்தது. ரயில் ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன்.